இடுப்பில் இருந்த துணி

வாசலிலேயே புளி மணத்தது. இத்தனை வருஷமாகத் தமயந்திக்குப் பழகிப்போன அருங்காட்சியக வாசனை வேறு. அந்துருண்டை, ஓதம் ஏறிய சுண்ணாம்புச் சுவர், பின்பக்கத்து கேன்டீனிலிருந்து வரும் வடை எண்ணெய், இவைதான். இன்று அத்தனையையும் ஓரங்கட்டிவிட்டு, யாரோ அண்டா நிறையப் புளி கரைத்து வைத்த மாதிரி மூக்கைத் துளைத்தது. மதியச் சாப்பாட்டை இங்கேயே பரிமாறப் போகிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் கோபமும் வந்துவிட்டது, ஏனென்றால் சாப்பாடு அவள் பொறுப்பு. பல்கலைக்கழகத்துக்குத் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. வடக்கேயிருந்து வந்து எல்லாத் துறையையும் சுற்றிப் பார்த்து மதிப்பெண் போடுகிற குழு. துறைக்கு ஒருவராக வேலையைப் பிரித்தபோது, அருங்காட்சியகத்தின் இயக்குநருக்கு, கலை வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கி அதே கட்டடத்தில் தலை நரைத்தவளுக்கு, பதிவாளர் ஞானசிகாமணி ஒதுக்கியது விருந்தோம்பல். பூச்செண்டு, பொன்னாடை, வெங்காயம் பூண்டு சேர்க்காத சாப்பாடு. "பொம்பளைங்க பார்த்தாதான் மேடம் இதெல்லாம் பாந்தமா இருக்கும்" என்று அதற்கு ஒரு சர்க்கரைப் பூச்சு வேறு. நேற்று முழுக்கக் கடைத்தெருவில் பொன்னாடைகளை விரித்து விரித்துச் சரிகைக் கரையின் அகலம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் இங்கே இது நடந்திருக்கிறது. கூடத்தின் கடைசியில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் செப்புச் சிலை, செங்கரும்பூர் அம்மன், கல்யாண மண்டபத்து வாசலில் வைக்கிற குத்துவிளக்கு மாதிரி மினுமினுத்துக்கொண்டிருந்தாள். நேற்று முன்தினம் வரை அவள் பச்சை. பல நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்து உடம்பெல்லாம் ஏறிய பச்சை.

"என்னய்யா இது?" என்றாள். ஆள் யாரும் வரவில்லை. மறுபடி கேட்டாள்.

கூடத்து உதவியாளர் நடேசன் தோளில் துண்டோடு சிரித்த முகமாக வந்தார். "பதிவாளர் ஐயா ஆள் அனுப்பிச்சாரு மேடம். துப்புரவு கான்ட்ராக்ட் பொம்பளைங்க. சிலை பாசி புடிச்ச மாதிரி இருக்கு, குழு பார்த்தா அசிங்கம்னு சொன்னாராம். டூப்ளிகேட் சாவி அவர் ஆபீஸ்லதான இருக்கு."

"நீங்க எங்க போனீங்க?"

"நானுந்தான் மேடம் தேச்சேன். முதுகெல்லாம் நான்தான்." அவருக்கு அதில் பெருமை. "எல்லாரும் தலைக்குக் குளிச்சிட்டு, செருப்ப வெளிய கழட்டிப் போட்டுட்டுத்தான் கை வெச்சாங்க. புளி, அப்புறம் தவிடு, அப்புறம் எலுமிச்சம்பழம். கடைசியில சூடம் காட்டினோம்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் சூடம் என்ற சொல்லில் இடறி நின்றாள். சூடம் காட்டியவரை எப்படித் திட்டுவது? கோபத்தை இறக்கி வைக்க இடமில்லாமல் பதிவாளருக்கு போன் போட்டாள். அவர் எடுத்த எடுப்பில், "பார்த்தீங்களா மேடம், தங்க விக்கிரகம் கணக்கா இல்ல? ஒரு தேங்க்ஸ் சொல்லலாம்ல" என்றார். அது அழுக்கு இல்லை சார் என்றாள். "பின்ன?" என்றார் அவர். பின்ன என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரியாமல் அவள் திணற, அவர் முந்திக்கொண்டார். "குழு வணிகவியல் துறைக்கு வந்தாச்சு. அடுத்து நீங்கதான். பொன்னாடையெல்லாம் ரெடியா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள். இங்கிருந்து அம்மனின் முகமும் வலது தோளும் தெரிகின்றன. இடது இடுப்பு சுவர்ப் பக்கம். எழுந்து நாலெட்டு வைத்துச் சுற்றிப் போனால் பார்த்துவிடலாம். போகவில்லை. முகத்தைத்தான் நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள், மனுஷர்கள் அப்படித்தானே, முகத்தைத்தானே முதலில் கழுவுவோம், இடுப்புக்குப் போவதற்குள் கை ஓய்ந்திருக்கும், பின்பக்கம் பெட்டியின் விளிம்பு இடிக்கும், கை நுழையாது, இருக்கலாம், அந்த இடம் மட்டும் தப்பித்திருக்கலாம். முதுகெல்லாம் நான்தான் என்றாரே நடேசன். முதுகுக்குப் போன கை இடுப்புக்குப் போகாதா? போகாது, முதுகு வேறு இடுப்பு வேறு. இல்லை, துண்டை இப்படிச் சுற்றி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துத் துடைத்திருந்தால்? பார்த்துவிடு தமயந்தி. பார்க்கிறேன், கொஞ்சம் பொறு. பின்ன? பின்ன என்று கேட்டான் பார், அந்தக் கேள்விக்குப் பதில்தான் என்னுடைய முழு ஆயுசும், அதை போனில் கேட்கிறான். அழுக்கு இல்லையென்றால் பின்ன என்ன. துணி சார். அது ஒரு துணி. செங்கரும்பூரில் ரேஷன் கடைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த சிலை, சேறு அப்பிய மேனிக்கு இங்கே வந்தபோது நான் விரிவுரையாளர், எனக்கு ஒரு மேசை கூடக் கிடையாது, தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து ஆட்டுமுடிப் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தேன். இடது இடுப்பில் பச்சைக்குள் ஏதோ கோடு கோடாகத் தெரிந்தது. கீறல் என்றுதான் நினைத்தேன். பூதக்கண்ணாடியை வைத்தால் குறுக்கும் நெடுக்குமாக இழை. நெசவு. எந்தப் படைக்குப் பயந்தோ எந்தக் கொள்ளைக்குப் பயந்தோ அவளை மண்ணில் புதைத்தவர்கள் வெறுமனே புதைக்கவில்லை, துணி சுற்றிப் புதைத்திருக்கிறார்கள். துணி மக்கிப் போவதற்குள் செம்பின் பச்சை அதில் இழை இழையாக ஏறி இறுகிவிட்டது. துணி போய்விட்டது, அதன் உருவம் நின்றுவிட்டது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அன்றைக்கு அந்தச் சாக்கின் மேல் உட்கார்ந்து அழுதேன், ஏன் அழுகிறாய் என்று கேட்க ஒரு ஆள் கிடையாது, நல்லவேளை.

அதை முதன்முதலில் கருத்தரங்கில் படித்தபோது அவளுடைய நெறியாளர் என்ன சொன்னார்? "பொம்பளை கண்ணுக்குத் துணிதான் முதல்ல தெரியும்." அரங்கமே சிரித்தது. பெண்களும்தான் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்பார்களே. அடுத்த வருஷமே அந்த மனிதர் அதே துணியைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போய் எங்கள் கண்டுபிடிப்பு என்று படம் போட்டுக் காட்டினார். எங்கள். அவர் பன்மையில் பேசினால் அது ஒருமை என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். போகட்டும், செத்துப்போனார். அவரோடு முடிந்ததா? ஒரு துணைவேந்தர் இந்தக் கூடத்தைத் தன் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பின்னணியாகக் கேட்டார். இன்னொருவர் நடனச் சிலைகளை விருந்தினர் மாளிகையின் வரவேற்பறைக்கு அனுப்பச் சொன்னார், பூஞ்சட்டி பக்கத்தில் நன்றாக இருக்குமாம். பொம்மைக் கூடம் என்று பையன்கள் பெயர் வைத்தார்கள். அது கூடப் பரவாயில்லை, பையன்கள். ஆனால் ஆட்சிக்குழுக் கூட்டத்திலேயே ஒருவர், பொம்மைக் கூடத்தம்மா ஏதாவது சொல்லணுமா என்று கேட்டாரே. மழைக்கு ஒழுகுகிறது என்று சொன்னால், கல்லுதானே மேடம், கோயில்ல நனையலையா என்றார்கள். இயக்குநர் பதவி வந்தது கூட, கேட்டவர்கள் யாரும் இல்லாததால் வந்தது. வந்த அன்றைக்கு ஞானசிகாமணி, அப்போது அவர் உதவிப் பதிவாளர், "இனிமே நிம்மதிதான் மேடம், சிலைங்க லீவு கேக்காது" என்றார். சாவியில் ஒன்றை அவருடைய அலுவலகத்தில் வைத்தார்கள். பாதுகாப்புக்காம். யாரிடமிருந்து பாதுகாப்பு? என்னிடமிருந்துதான், வேறு யாரிடமிருந்து. ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை, மேடம் இதைத் துடைக்கலாமா என்று? தன் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியைக் கேட்காமல் ஒரு பித்தளைக் குடத்தை எடுத்து விளக்குவாரா அந்த ஆள்?

பித்தளைக் குடம். இவர்களுக்கு அவள் பித்தளைக் குடம். யாருக்குத்தான் இல்லை? இதே வார்த்தையைத் தமயந்தியே சொன்னவள்தானே. சிலை கோயிலுக்கா அருங்காட்சியகத்துக்கா என்ற விசாரணையில், கலெக்டர் அலுவலகத்தில், செங்கரும்பூர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும். "கோயில்ல வெச்சீங்கன்னா பித்தளைக் குடத்த விளக்கற மாதிரி வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டுத் தேய்ப்பீங்க. கொஞ்ச நாள்ல மூக்கு இருக்காது, முழி இருக்காது. எங்ககிட்ட இருந்தா இப்படியே இருப்பா." சுளீரென்று சொன்னாள். ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். எங்க மண்ணுல கெடச்ச ஆத்தா எங்களுக்குத்தான் என்று ஒருவர் மேசையைக் குத்தினார். அவர்களின் பஞ்சாயத்துத் தலைவி தையல்நாயகி மட்டும் குத்தவில்லை, கத்தவில்லை. ஒல்லியாக, வெற்றிலை போட்ட வாயோடு, அப்போது முப்பது வயசு இருக்குமா அவளுக்கு, எழுந்து வந்து, "அப்படி என்னத்தக்கா காப்பாத்தப் போற, காட்டு" என்றாள். விசாரணைக்காகக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருந்த சிலையைக் காட்டி, தமயந்தி பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். தையல்நாயகி குனிந்தாள். குனிந்தவள் நிமிரவேயில்லை. கலெக்டர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்தாள். "சேலைக்கா இது. கரையோரம் இழை நெருக்கமா இருக்கு பாரு. எங்கூட்டுப் பொம்பள எவளோ, ஓடுற அவசரத்துல, ஆத்தாள வெறும் உடம்போட மண்ணுல எறக்க மனசு வராம, தான் கட்டியிருந்ததக் கிழிச்சுச் சுத்தியிருக்கா." அந்த ஒரு பேச்சில் தமயந்தியின் ஆய்வேடு முழுக்க இருந்தது. பிறகு கேட்டாள், "இந்தத் துணிய அவுக்காம வெச்சிருப்பியாக்கா?" வைத்திருப்பேன் என்றாள் தமயந்தி. கலெக்டருக்கு இல்லை, அரசாணைக்கு இல்லை, தையல்நாயகிக்குச் சொன்னது. சொன்னதும் அவள் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்து, "எடுத்துட்டுப் போகட்டும் விடுங்க" என்றாள். அவ்வளவுதான். ஊர் எழுந்தது.

ஆடி மாசம் தோறும் வேன் பிடித்து வருவார்கள். மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை, பூ கூடப் பெட்டிக்கு வெளியில்தான். பெட்டியைத் திறந்துவைத்தால் பெண்கள் வரிசையாக நின்று, பூதக்கண்ணாடியைக் கை மாற்றி மாற்றிக் குனிந்து பார்த்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கூழ் குடித்துவிட்டுப் போவார்கள். புதுசாகக் கல்யாணமாகி வந்த மருமகள்களையும் கூட்டி வந்து காட்டுவார்கள். இந்த வெள்ளிக்கிழமை வருகிறார்கள். வெள்ளிக்கிழமை! ஐயோ. பார்த்துவிடு, எழுந்து போய்ப் பார்த்துவிடு. இருந்தால்? இருந்தால் சரி. இல்லாவிட்டால்? கோயிலில் இருந்தால் தேய்ப்பீர்கள் என்றாயே, கோயிலில் இருந்திருந்தால் அந்தப் பெண்கள் அந்த இடத்தில் ஒரு சொட்டுப் புளித்தண்ணி பட விட்டிருப்பார்களா? காவல் காத்திருப்பார்களே. நீ அல்லவா இங்கே தூக்கி வந்து, சாவியை ஒரு குமாஸ்தா மேசையில் தொங்க விட்டாய். நான் எங்கே தொங்க விட்டேன்? எழுதி எழுதி எதிர்த்தேன். எதிர்த்தாய், பிறகு பழகிக்கொண்டாய். யாரைப் பார்த்துக் கோபப்படுகிறாய்? எல்லோரையும்தான். என் கோபத்துக்கு இன்றைக்கு எல்லோரும் வரிசையில் நிற்கட்டும், நானும் கடைசியில் நிற்கிறேன்.

ஆனால் நிற்க வைப்பது யார்? இங்கேதான் அவள் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. சிலைக்குப் பொறுப்பு இயக்குநர். சாவி யாரிடம் இருந்தாலும் சரி, புளி யார் கரைத்தாலும் சரி. வெளியே சொன்னால் முதல் மெமோ அவளுக்குத்தான் வரும். அடுத்த மாசக் கடைசியில் ஓய்வு. ஓய்வுக்கு முதல் நாள் சாயங்காலம் மெமோ கொடுப்பது ஞானசிகாமணிக்குப் பிடித்தமான விளையாட்டு. இயற்பியல் துறை அரங்கநாயகம் சாருக்கு அப்படித்தான் கொடுத்தார், விசாரணை நிலுவையில் இருக்கிறது என்ற ஒரு வரி, பென்ஷன் நின்றுபோனது. அந்த மனுஷர் இன்னும் பதிவாளர் அலுவலக வராந்தாவில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறார், கடந்து போகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்கிறார். அவரைப் பார்க்காமல் இருக்கத் தமயந்தி பின்படி வழியாகப் போவாள். சும்மா இருந்துவிட்டால் என்ன? குழு வரும், அழகு என்று சொல்லும், மதிப்பெண் போடும். வெள்ளிக்கிழமை வருகிறவர்களிடம், பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு இவ்வாண்டு பெட்டியைத் திறப்பதற்கில்லை என்று சொல்லிவிடலாம். தூரத்திலிருந்து பார்த்தால் விளக்குப் போட்டிருப்பதால் மின்னுகிறாள் என்று நினைப்பார்கள். அதற்கடுத்த ஆடிக்கு நான் இங்கே இருக்கப் போவதில்லை. அடிப்பாவி, எவ்வளவு அழகாக வருகிறது பார் வாக்கியம். முன்னிட்டு, இவ்வாண்டு, திறப்பதற்கில்லை. ஞானசிகாமணிக்கே இவ்வளவு சுத்தமாக வராது. ஆயுசு முழுக்க அவர்கள் மொழியைக் கேட்டுக் கேட்டு எனக்குள்ளேயே ஒரு பதிவாளர் உட்கார்ந்துவிட்டான். தமயந்திக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. இப்போது எழுந்திருக்கிறேன், எழுந்து போய்ப் பார்க்கிறேன் என்று நாற்காலியின் கையைப் பிடித்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

துணைவேந்தர் முன்னால் வந்தார், பதிவாளர் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்துகொண்டே விளக்கம் சொன்னார், நடுவில் குழுத் தலைவர், நெடுநெடுவென்று, சாதுவான முகத்தோடு ஒரு வேதியியல் பேராசிரியர். இன்னும் இரண்டு உறுப்பினர்கள் பின்னால். தமயந்தி பொன்னாடை போர்த்தினாள், கைதட்டினார்கள். தலைவர் நேராக அம்மனிடம் போனார். யாராக இருந்தாலும் அங்கேதான் போவார்கள், அந்தக் கூடத்தில் அது ஒன்றுதான் மின்னியது. "ஆஹா" என்றார். இவ்வளவு சிறப்பாகப் பராமரிக்கிறீர்களே என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். பதிவாளர் நெளிந்து, "டீம் ஒர்க் சார்" என்றார். தலைவர் பெட்டிக்குக் கீழே செருகியிருந்த விவரப் பலகையைப் படித்தார். நல்ல வாத்தியார் போலிருக்கிறது, முழுதாகப் படித்தார். இடது இடுப்பில் பச்சைப் படிவத்தினுள் பழந்துணியின் நெசவுத் தடத்தைக் காணலாம் என்ற வரிக்கு வந்ததும் அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுவர்ப் பக்கம் போய்க் குனிந்தார். செல்போன் விளக்கை அடித்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ஒரு தரம் பலகைக்கு வந்து இடதுதானா என்று சரிபார்த்துக்கொண்டு மறுபடி போனார்.

"எங்கே மேடம்?" என்றார்.

தமயந்தி போனாள். அவர் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் குனிந்து பார்த்தாள். வழவழவென்று இருந்தது. அவள் கட்டியிருந்த புடவையின் நீலம்தான் அதில் தெரிந்தது.

"அது பழைய போர்டு சார்" என்று பதிவாளர் சிரித்தபடி குறுக்கே வந்தார். "மேடம், அந்த போர்ட மாத்திருங்க."

"இன்னிக்கே மாத்திருங்க" என்றார் துணைவேந்தர்.

"இன்னிக்கு என்ன சார், இப்பவே மாத்தறேன்" என்றாள் தமயந்தி.

பலகையை உருவினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பையிலிருந்த மார்க்கர் பேனாவை எடுத்து, பெட்டியின் விளிம்பிலேயே வைத்து எழுதினாள். பொன்னாடைப் பார்சல்களின் மேல் பெயர் எழுதுவதற்காக வாங்கிய பேனா. யாரும் அவளைத் தடுக்கவில்லை, அவர்கள் சொன்ன வேலையைத்தானே செய்கிறாள். தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்திலும் எழுதி, பலகையைச் செருகினாள். இந்தச் சிலையின் இடுப்பில் இருந்த பழந்துணியின் நெசவுத் தடம், தரமதிப்பீட்டுக் குழுவின் வருகைக்காகப் பதிவாளர் உத்தரவின் பேரில் புளி போட்டுத் தேய்த்து அழிக்கப்பட்டது. பொறுப்பு: முனைவர் கோ. தமயந்தி, இயக்குநர்.

தலைவர் குனிந்து ஆங்கில வரிகளைப் படித்தார். படித்து முடித்த பிறகும் நிமிரவில்லை. துணைவேந்தர் எதையும் படிக்காமலே பதிவாளரைப் பார்த்தார்.

"மேடம், என்ன பண்றீங்க, அத எடுங்க மொதல்ல" என்று ஞானசிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "அடுத்த மாசம் ரிட்டயர்மென்ட் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். நீங்களும் ஞாபகமா மெமோவ டைப் பண்ணிக் குடுங்க. அதையும் இங்கயே செருகிடறேன்."

அவள் போனை எடுத்து, அத்தனை பேரும் நிற்கும்போதே ஜன்னல் பக்கம் போய் நின்று எண்ணைத் தேடினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் மாடு கத்துகிற சத்தம், யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம்.

"என்னக்கா, நானே பேசணும்னு இருந்தேன்" என்றாள் தையல்நாயகி. "வெள்ளிக்கெழமைக்கு வேன் சொல்லியாச்சு. இந்தத் தடவ ரெண்டு மருமவளுங்க புதுசு. ஆத்தா நல்லா இருக்காளா?"

"இல்ல தையலு" என்றாள் தமயந்தி. "அவ துணிய நாங்க உருவிட்டோம்."